சொல் சுருங்கிய திரை
(1987ஆம் ஆண்டுத் தமிழ்ப் படங்கள் பற்றிய ஓர் ஆய்வு)

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூவகையாக வகுத்த எம் முன்னோர், அம்மூன்றும் ஒருங்கு கூடும் கலையொன்று வெண்டிரையிலே தோன்றுமென எண்ணியிருக்கமாட்டார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1926ஆம் ஆண்டிலே ‘மதங்க சூளாமணி’யை ஆக்கி, நாடகத்தின் இலக்கணத்தைத் தமிழுலகிற்கு எடுத்துரைத்தார்கள். அதன்பின் ஐந்தே ஆண்டுகளில், 1931ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்களிலே, தமிழ் ஒலித்த முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ சென்னையிலே திரையிடப்பட்டது. அன்று பேசத் தொடங்கிய தமிழ்த்திரை பல ஆண்டுகள் வாய் ஓயாது பேசியது.

‘திரைப்படம் தமிழை வளர்க்கின்றதா, கெடுக்கின்றதா?’ என்பது எம் கல்லூரி மண்டபத்திலே மாணவர் பலகாலும் வாதித்த தலைப்பாகும். வளர்க்கின்றது என்பார் ‘பராசக்தி’யையும் ‘மனோகரா’வையும் எடுத்துக்காட்டுவர். கெடுக்கின்றது என்பார் அண்மைக்காலப் படங்களின் கொச்சை மொழியை எடுத்துக்காட்டுவர். இரு சாராரும் ஒரு கருத்தில் ஒத்து நிற்பர்; நீண்ட செந்தமிழ் வசனம் இருந்தால் தமிழ் வாழ்கின்றது, இல்லையேல் வீழ்கின்றது என்பதே அது. இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்தற்கு 1987ஆம் ஆண்டைத் தெரிந்துகொண்டோம். அவ்வாண்டின் பெயர்பெற்ற படங்கள் சிலவற்றைப் பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்குவோர்க்கு, சொல்லைக் குறைத்து அதன் பெறுமதியைக் கூட்டிய ஆண்டு அதுவே என்பது புலனாகும்.

வசனம் ஆண்ட காலம்

முற்காலப் படங்களில் வசனம் நீண்டமைக்குக் காரணம் மூன்று. முதலாவது, அக்கால நடிகருட் பெரும்பாலார் நாடகக் கம்பனிகளிலே பயின்றவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர்கள் கமெராவின் முன்னும் அவ்வாறே பேசினர். இரண்டாவது, கமெராவும் ஒலிப்பதிவுக் கருவியும் எளிதிற் பெயர்த்தெடுக்க இயலாத பாரமுடையன. கலைக்கூடத்தினுள்ளே எழுப்பிய அரங்கில் ஒரே இடத்தில் நின்று பேசுதலே வசதியாயிருந்தது. மூன்றாவது, திரை ஒரு மேடையாயிற்று. 1952ஆம் ஆண்டிலே கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘பராசக்தி’யில் மு. கருணாநிதி எழுதிய வசனங்களைச் சிவாஜி கணேசன் பேசியபோது, மக்கள் ஒரு கதையைக் கண்டதோடு ஒரு கொள்கை முழக்கத்தையும் கேட்டனர். 1959ஆம் ஆண்டின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்திலே சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனத்தை எம் ஊர்ச் சிறுவரும் மனப்பாடஞ் செய்து திருவிழாக்களில் நடித்துக் காட்டினர்.

இவ்வசனங்களை யாம் இகழ்கின்றோம் அல்லோம். எழுத்தறிவு குறைந்திருந்த ஒரு காலத்திலே நல்ல தமிழைச் செவிவழியாகப் பரப்பியவை அவையே. ஆயினும் வசனம் மிகுந்தபோது முகம் பேச வேண்டியதையும், கை பேச வேண்டியதையும், இடமும் பொருளும் பேச வேண்டியதையும் வாயே பேசிவிட்டது. துயருற்றவன் தன் துயரைத் தானே அடுக்குமொழியில் விரித்துரைத்தான். பார்ப்பவன் உய்த்துணர்தற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

எழுபதுகளின் இறுதியிலே மாற்றம் தோன்றியது. 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வாயிலாக இளையராஜா வந்தார். வசனம் செய்துவந்த தொழிலின் ஒரு பகுதியை அவர்தம் பின்னணி இசை ஏற்றுக்கொண்டது. 1977இல் ‘16 வயதினிலே’ படத்தின் மூலம் பாரதிராஜா கமெராவைக் கலைக்கூடத்திலிருந்து வயல்வெளிக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டில் ‘முள்ளும் மலரும்’ தந்த மகேந்திரன், குறைந்த சொற்களாலும் கதை நடத்தலாம் எனக் காட்டினார். அவர் விதைத்தது பத்தாண்டின் பின் விளைந்தது.

பொங்கல் முதல் தீபாவளி வரை

1987ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளிவந்த படங்களுள் ‘பூவிழி வாசலிலே’ ஒன்று. மலையாளத்தில் தாம் எடுத்த படமொன்றைப் பாசில் தமிழில் மீண்டும் எடுத்தார். மனைவி மக்களை இழந்து குடியில் வீழ்ந்த ஒருவனையும், கொலையொன்றைக் கண்ணாற் கண்ட வாய்பேசாச் சிறு குழந்தையையும் பற்றிய கதை அது. அதுவரை வில்லன் வேடங்களிலே எள்ளலும் நையாண்டியுமாகப் பேசிப் புகழ்பெற்ற சத்தியராஜ், பேசாத குழந்தையொன்றின் முன் வைக்கப்பட்டார். குழந்தையாக நடித்த சுஜிதா என்னும் சிறுமி சொல் ஒன்றுமின்றியே மக்களைக் கலங்க வைத்தாள். கலைப்படம் என்று ஒதுக்கப்படாத, கொலையும் துரத்தலும் நிறைந்த பொதுமக்கள் படமொன்றின் நடுவிலே மௌனம் அமர்ந்திருந்தமை நோக்கத்தக்கது.

அவ்வாண்டில் வேறு சுவைகளுக்கும் குறைவில்லை. கங்கை அமரன் இயக்கிய ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ படத்திலே இராமராஜன் நாட்டுப்புறப் பாடகனாக வந்து பட்டிதொட்டியெல்லாம் புகழ் பெற்றார். ரஜினிகாந்த் ‘வேலைக்காரன்’, ‘ஊர்க்காவலன்’, ‘மனிதன்’ எனும் படங்களிலே தோன்றினார். அவற்றுள் ‘வேலைக்காரன்’ படத்திலே, நாட்டுப்புறத்திலிருந்து பெருவிடுதிக்கு வேலை தேடி வந்தவன் ஆங்கிலம் பேசிக் காட்டும் நகைச்சுவைக் காட்சியொன்று உண்டு. ஆங்கிலப் பேச்சை அறிவின் அளவுகோலாகக் கொள்ளும் எம் சமூகத்தின் பேதைமையை அக்காட்சி நன்கு எள்ளி நகையாடியது. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து இந்தியத் திரையுலகிலே புகழ் நாட்டிய பாலு மகேந்திரா அவ்வாண்டிலே ‘இரட்டை வால் குருவி’ எனும் நகைச்சுவைப் படத்தைத் தந்தார்.

தீபாவளி ஒக்டோபர் 21ஆம் நாள் வந்தது. அன்று இரு பெரும் படங்கள் ஒருங்கே வெளிவந்தன. ஒன்று எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனத்தார் தந்த ‘மனிதன்’. மற்றையது மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’.

நாயகன்

தூத்துக்குடியிலே தொழிற்சங்கத் தலைவனாகிய தந்தையைப் பொலிசார் சுட்டுக்கொல்லக் கண்ட சிறுவன், பொலிஸ்காரன் ஒருவனைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகின்றான். தாராவிச் சேரியிலே வளர்ந்து, கடத்தற்காரனாகி, ஏழைகளின் காவலனாகவும் சட்டத்தின் பகைவனாகவும் வாழ்ந்து முடிகின்றான். பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையும், ‘கோட்பாதர்’ எனும் அமெரிக்கப் படமும் இக்கதைக்குத் தூண்டுதலாயின. வசனம் எழுதியவர் நாவலாசிரியர் பாலகுமாரன். நாடக மேடையிலிருந்து வாராது, நாவலிலிருந்து வந்த எழுத்தாளர் அவர் என்பதை மனங்கொள்க.

இப்படத்தில் ஆசிரியராகிய எம்மை நிறுத்தி வைத்த காட்சியொன்றுண்டு. வேலு எனும் இளைஞன் விலைமகளிர் இல்லம் ஒன்றுக்குச் செல்கின்றான். அங்குள்ள பெண் பள்ளி மாணவியின் வயதினள். தன்னைச் சற்று முன்னதாக விட்டுவிடும்படி அவள் அவனை இரந்து கேட்கின்றாள். மறுநாள் தனக்குக் கணக்குப் பரீட்சை என்பதே காரணம். பழைய முறையில் இக்காட்சியை அமைத்திருப்பின், அப்பெண் சமூகத்தின் கொடுமையைக் கண்ணீரோடு நீண்ட வசனமாகப் பேசியிருப்பாள். இங்கே அவள் தன் துயரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பரீட்சையைப் பற்றி மட்டுமே கூறுகின்றாள். கேட்பவன் நெஞ்சு உடைகின்றது. கூறாது விட்ட பகுதி கூறிய பகுதியினும் பெரிதாயிருத்தலே அதன் காரணமாம்.

வேலுவுக்கு இந்தி தெரியாது. பம்பாயின் கடத்தற்காரரோடு பேசுங்கால் டெல்லி கணேஷ் ஏற்ற ஐயர் என்னும் பாத்திரம் இடையிலிருந்து மொழிபெயர்க்கின்றது. அந்நகரை ஆளப்போகின்றவன் அந்நகரின் மொழியை அறியாதவன். தன் தமிழோடு மட்டும் அந்நிய நகரிலே தலைநிமிர்ந்து நின்ற ஒருவனைக் கண்டு, புலம்பெயர்ந்த எம் பழைய மாணவர் பலர் தம்மை அவனிடத்துக் கண்டிருத்தல் கூடும். மகனின் கரிந்த உடலைக் கண்ட வேலு, சொல் வாராது கேவி அழும் காட்சியிலே கமல்ஹாசனின் நடிப்பு, வசனத்தால் எட்டவியலாத ஓர் இடத்தை எட்டியது.

படத்தின் இறுதியிலே பேரன் தாத்தாவிடம், அவர் நல்லவரா கெட்டவரா என வினவுகின்றான். பராசக்தியின் நாயகன் நீதிமன்றத்திலே நின்று தன் செய்கைக்கெல்லாம் நீண்ட நியாயம் உரைத்தான். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் வந்த இந்நாயகனோ, தனக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட ஒரே சொல்லில் விடை பகர்ந்து அமைகின்றான். தமிழ்த்திரை நடந்து வந்த தூரம் முழுவதும் அவ்விரு விடைகளுக்கும் இடையே உள்ளது.

பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும், தோட்டா தரணி அமைத்த அரங்குகளும், இளையராஜாவின் இசையும் சொல்லின் சுமையைப் பங்கிட்டுத் தாங்கின. கமல்ஹாசன், ஸ்ரீராம், தோட்டா தரணி ஆகிய மூவரும் இப்படத்திற்காகத் தேசிய விருது பெற்றனர்.

பேசாத ‘பேசும் படம்’

அதே கமல்ஹாசன் நடித்து, நவம்பர்த் திங்களிலே முதலிற் கருநாடகத்தில் வெளிவந்தது மற்றோர் அரிய படம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அப்படத்திலே இரண்டு மணி நேரத்திற்கு மேலாக ஒரு வசனந்தானும் இல்லை. கன்னடத்திலே ‘புஷ்பக விமானம்’ எனும் பொருள்படப் பெயரிட்ட அப்படத்திற்குத் தமிழில் இட்ட பெயர் ‘பேசும் படம்’. பேசாத படமொன்றிற்கு இப்பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்பதில் ஐயமில்லை.

இதனைப் பழைய ஊமைப்படத்தோடு ஒன்றாக எண்ணுதல் தவறு. ஊமைப்படத்தில் ஒலியே இல்லை. எழுத்துப் பலகை இடையிடையே வந்து கதை சொல்லும். இப்படத்திலோ வாகன இரைச்சல், கதவொலி, எல். வைத்தியநாதனின் இசை ஆகிய யாவும் உண்டு. பேச்சு மட்டுமே இல்லை. மனிதர் பேசவேண்டிய தேவை வாராத தூரத்திலே, அல்லது பேச்சுக் கேளாத இடத்திலே காட்சிகளை அமைத்தமை இயக்குநரின் திறமை.

வேலையற்ற பட்டதாரி ஒருவன், குடிமயக்கத்திலே தெருவிற் கிடந்த செல்வன் ஒருவனைத் தன் அறையில் அடைத்துவிட்டு, அவனது விடுதியறையில் அவனாக வாழத் தொடங்குகின்றான். படமாளிகை ஒன்றின் அருகே குடியிருந்து, சண்டைக்காட்சிகளின் ஆரவாரத்தினிடையே உறங்கிப் பழகியவன் அவன். விடுதியின் அமைதியில் அவனுக்கு உறக்கம் வரவில்லை. எனவே அப்பேரிரைச்சலை ஒலிநாடாவிற் பதிந்து வந்து, அதனைக் கேட்டவாறே உறங்குகின்றான். திரைப்படங்களின் கூச்சலுக்குப் பழகிப்போன இரசிகர் கூட்டத்தை இதனினும் நயமாக எள்ளி நகையாட இயலுமோ?

பிச்சைக்காரன் ஒருவன் வருகின்றான். காசைக் காட்டி அவனோடு போட்டியிடும் இளைஞனை, தன்னிடமுள்ள பணத்தைக் காட்டி அவன் வெல்கின்றான். பின்னர் அப்பிச்சைக்காரன் தெருவில் இறந்துபோகச் சுற்றியிருந்தோர் பணத்திற்கு முண்டியடிக்கின்றனர். பிணத்தை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. செல்வத்தின் நிலையாமையைப் பற்றி எம் நீதிநூல்கள் கூறியவை யாவும் அச்சில நிமிடங்களில் அடங்கிவிடுகின்றன. இறுதியிலே, தான் விரும்பிய பெண் உரோசா மலரிற் சுற்றித் தந்த முகவரிக் கடிதத்தைக் காற்று அடித்துச் செல்ல, இளைஞன் கையில் மலர் மட்டும் எஞ்சுகின்றது. படம் முழுவதும் சொல்லின்றி வாழ்ந்த அவனுக்குக் கிடைத்த ஒரே சொற்பொதி அது. அதனையும் அவன் இழக்கின்றான். பின் வேலை தேடுவோர் வரிசையிலே போய் நிற்கின்றான். மக்களுக்கு நல்ல பொழுதுபோக்கு அளித்த சிறந்த படமெனத் தேசிய விருது இதற்கு வழங்கப்பட்டது.

வேதம் புதிது

அவ்வாண்டின் டிசம்பர் 24ஆம் நாள் தமிழக முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் காலமானார். கண்டியை அடுத்த நாவலப்பிட்டியிற் பிறந்தவர் எனும் உரிமையால் அவர் எமக்கும் உறவினர். 1967ஆம் ஆண்டிலே துப்பாக்கிக் குண்டு தொண்டையிற் பாய்ந்தபின் அவரது குரல் தெளிவிழந்தது. 1984இல் நோயுற்றபின் பேச்சு மேலும் தளர்ந்தது. அவ்வாறாகியும் மக்கள் அவரை விளங்கிக்கொண்டனர். திரையிலும் அரசியலிலும் அவரது ஆற்றல் சொல்லில் மட்டும் தங்கியிருக்கவில்லை.

அவர் மறைந்த சில நாள்களில் பாரதிராஜாவின் ‘வேதம் புதிது’ வெளிவந்தது. சாதியைப் பற்றிய அப்படம் தணிக்கையிலே தடையுற்றபோது எம்.ஜி.ஆர். அதனைப் பார்த்து வழிவிட்டார் எனத் திரையுலகினர் கூறுவர். கிராமத் தலைவராகிய பாலுத்தேவரின் மகனும், சாஸ்திரி ஒருவரின் மகளும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். விளைவு அழிவாகின்றது. தந்தையையும் வீட்டையும் இழந்து நிற்கும் சாஸ்திரியின் சிறுமகனைப் பாலுத்தேவர் தம் இல்லத்தில் ஏற்கின்றார்.

பாலுத்தேவர் சாதியை ஒப்பாதவர் போலப் பேசுபவர். அவர் பேச்சைக் கேட்ட சிறுவன், பாலு என்பது அவர் பெயர், அதன்பின் வரும் தேவர் என்பது அவர் படித்துப் பெற்ற பட்டமா என வினவுகின்றான். அக்கேள்வி அவர் கன்னத்தில் அறைந்தது போலக் காட்டப்படுகின்றது. சாதியை எதிர்த்து மணிக்கணக்காக முழங்கியிருப்பினும் இத்துணை ஆழமாகப் பாய்ந்திராது. சிறுவன் வாதிட வரவில்லை. அறிய விரும்பிக் கேட்டான். அதனாலேயே பெரியவருக்கு விடை அகப்படவில்லை. வசனம் எழுதிய கண்ணன், அன்று தொட்டு ‘வேதம் புதிது’ கண்ணன் என்றே வழங்கப்படலானார். சமூகப் பிரச்சினை பற்றிய சிறந்த படத்திற்கான தேசிய விருதையும் அப்படம் பெற்றது. பெயரின் பின்னே சாதியை எழுதாது விட்டாலும், திருமணப் பேச்சு வருங்கால் அதனைத் தேடி விசாரிக்கும் வழக்கம் எம் நாட்டிலே இன்னும் ஒழிந்திலது. ஆகலின் அக்கேள்வி எம்மை நோக்கியும் கேட்கப்பட்டதேயாகும்.

அதே ஆண்டுக்குரிய தேசிய விருதுகளிலே சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றவர், பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் நடித்த அர்ச்சனா. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சிறு வீடொன்றைக் கட்டப்படும் பாட்டைக் கூறும் அப்படம் 1988இலேயே மக்கள் முன் வந்தது. அதிலே பாடல் ஒன்றும் இல்லை. ஒரு படம் வசனத்தை விட்டது. மற்றொன்று பாடலை விட்டது. இரண்டும் வென்றன.

எம் மண்ணில் அவ்வாண்டு

இப்படங்கள் சென்னையிலே வெளிவந்த காலத்தில் எம் குடாநாடு எந்நிலையில் இருந்தது என்பதை மூத்த பழைய மாணவர்க்கு யாம் நினைவூட்டவேண்டுவதில்லை. 1987 யூலை 29இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒக்டோபரிலே மீண்டும் போர் மூண்டது. ‘நாயகன்’ வெளிவந்த அதே தீபாவளி நாளிலே யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியினுள் மருத்துவரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் தீபாவளி எமக்குப் படம் பார்க்கும் நாளாய் இருக்கவில்லை.

படங்கள் பின்னரே எம்மை வந்தடைந்தன. படமாளிகைகளிற் பார்த்தோரிலும் வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் கொண்டு முற்றத்திலே பார்த்தோரே பலர். மின்சாரம் இல்லாதவிடத்து ஜெனரேற்றர் ஓடியது. அதன் இரைச்சலிலே வசனம் பாதி கேளாது என்பதைப் பலர் சொல்லக் கேட்டுள்ளோம். அவ்வாறு பார்த்தோரும் நீலாவின் பரீட்சையையும், பேரனின் கேள்வியையும், காற்றிற் பறந்த கடிதத்தையும் இன்றும் மறந்தாரல்லர். செவியிற் பாதியே விழுந்த படம் நெஞ்சில் முழுமையாய் நின்றது.

மாணவர்க்கு ஒரு சொல்

தொல்காப்பியர் பொருளதிகாரத்திலே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்து, உள்ளத்தின் உணர்ச்சி உடலிலே தோன்றும் முறையை ஆராய்ந்தார். திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பிலோ பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக ஈரதிகாரங்கள் வகுத்தார். சொல்லாததை உணர்தலும் தமிழ்க் கல்வியின் ஒரு பாகமே என்பது இவற்றாற் பெறப்படும். ஆகவே வசனம் குறைந்தமையாலே தமிழ் குறைந்தது எனக் கூறுதல் பொருந்தாது. இன்றைய படங்கள் பலவற்றின் குறை வசனச் சுருக்கமன்று. பொருளற்ற சொல்லும் செவி பிளக்கும் ஒலியும் மிகுந்தமையே குறை.

பேச்சுப்போட்டிக்கு வரும் மாணவர் பலர், பிறர் எழுதிக் கொடுத்த அடுக்குமொழியை உரத்த குரலிலே ஒப்புவிக்கின்றனர். கட்டுரையிலும் பொருள் தேடுமுன் அணி தேடுகின்றனர். அவர்களுக்காக யாம் வகுப்பிலே ஒரு சிறு பயிற்சியைச் செய்வித்து வருகின்றோம். ‘பேசும் படத்’தின் பிச்சைக்காரன் காட்சியைப் பத்து நிமிடம் காட்டி, கண்டதை மட்டும் பத்து வரியில் எழுதுமாறு பணிப்போம், நீதி கூறுதலும், ‘அந்தோ’ என இரங்குதலும் கூடா. முதன்முறை எழுதுவோர் பெரும்பாலும் நீதியையே எழுதுவர். மூன்றாம் முறையிலே, வண்டியில் ஏற்றப்படும் உடலையும், அதனைப் பாராது தாள்களைப் பொறுக்கும் கைகளையும் எழுதத் தொடங்குவர். அன்று தொட்டு அவர்தம் கட்டுரைகளைத் திருத்துகையிலே எமது சிவப்பு மை குறைவாகவே செலவாகின்றது.